எலக்ட்ரிக் கார் டெஸ்ட் டிரைவில் எதைத்தான் பார்ப்பது? தெருவை ஒரு சுற்று சுற்றிக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள்

வைகைக்கரை (மதுரை)

வணக்கம் மக்களே. வீட்டில் இருக்கும் டீசல் கார் பத்து வருடத்தைத் தாண்டிவிட்டது. அடுத்து எலக்ட்ரிக் எடுக்கலாம் என்று பேச்சு. ஆன்ரோடு 18, 19 லட்சம்வரை போகலாம் என்று வைத்து நெக்ஸான் இவி 45 (45 கிலோவாட் ஹவர் பேட்டரி), எம்ஜி வின்ட்சர் ப்ரோ, கிரெட்டா எலக்ட்ரிக்கில் சின்ன பேட்டரி ஆகிய மூன்றையும் மனதில் வைத்திருக்கிறேன், வேறு ஏதாவது நல்லதாக இருந்தாலும் சரி. தினமும் திருமங்கலம் போய்வர 45 கி.மீ. சொச்சம், மாதம் ஒரு தடவை சென்னை, அது போக மாமனார் வீடு கொடைக்கானல் என்பதால் பள்ளி லீவு விட்டால் மலை ஏறியாக வேண்டும். தனி வீடு, போர்டிகோவில் நிறுத்த இடம் உண்டு, 15 ஆம்ப் பிளக் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

என் சந்தேகம் டெஸ்ட் டிரைவ் பற்றி. பல ஷோரூம் ஏறி இறங்கிவிட்டேன் (பெயர் வேண்டாம்), எல்லா இடத்திலும் ஒரே கதை. பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்துகொள்கிறான், சிக்னல் தாண்டியதும் "சார், ஸ்போர்ட் மோடு போட்டு ஒரு மிதி மிதிங்க" என்கிறான், மிதித்தால் தலை போய் சீட்டில் முட்டுகிறது, "எப்படி சார் பிக்கப்பு" என்று கேட்டுவிட்டு அடுத்த வளைவில் திருப்பச் சொல்லிவிடுகிறான். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ரேஞ்ச், அதாவது ஒரு ஃபுல் சார்ஜில் ஓடும் தூரம், எவ்வளவு என்றால் பிராஷரைத்தான் நீட்டுகிறார்கள், நெக்ஸானுக்கு 489 கி.மீ., வின்ட்சர் ப்ரோவுக்கு 449. டீசல் வண்டி என்றால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது, டர்போ எப்போது எழுகிறது என்று கைக்கும் காதுக்கும் தெரியும். இதில் சத்தமே இல்லை, எல்லா வண்டியும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. இவ்வளவு பணம் போடும்போது எதைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். யூடியூப் லிங்க் வேண்டாம், நிறையப் பார்த்தாகிவிட்டது.


நால்வழிச்சாலை (திருச்சி)

முதலில் பிக்கப்பை மறந்துவிடுங்கள். எந்த இவியை மிதித்தாலும் தலை பின்னால் போகத்தான் செய்யும், நின்ற இடத்திலேயே முழு டார்க்கும் (இழுவிசையும்) கிடைப்பது மோட்டாரின் இயல்பு. அதைக் காட்டித்தான் ஆளை விழவைக்கிறார்கள். அதில் மயங்கியவர் மற்ற எதையும் பார்க்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிராஷரில் இருக்கும் 489, 449 எல்லாம் பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்கு. எம்ஐடிசி என்கிற அந்தச் சோதனையில் ஏசி கிடையாது, வேகம் 90ஐத் தாண்டாது, பெரும்பகுதி ஊருக்குள் போகிற வேகம்தான். நம் ஊர் பைபாஸில் 100ல், நாலு பேரோடு, ஏசி போட்டுப் போகிறவருக்கு அது எதற்கு? டாடாவே சி75 என்று இன்னொரு எண்ணும் சொல்கிறது, வாடிக்கையாளர்களில் 75 சதவீதம் பேருக்குக் கிடைக்கும் தூரம் என்ற பொருளில், நெக்ஸான் 45க்கு அது 350 முதல் 370. அதுவும் ஊர், ஹைவே எல்லாம் கலந்த கணக்கு.

ஆகவே ஷோரூமில் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது, குறைந்தது ஒரு மணி நேரம் வண்டி, அதுவும் ஹைவேயில். சனி ஞாயிறு போனால் நடக்காது, செவ்வாய் புதன் காலையில் ஷோரூம் ஈயாடும், அப்போது போய் "மேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் புக் பண்ணமாட்டேன்" என்று மேனேஜரிடமே சொல்லுங்கள். ஏறியதும் முதல் வேலை டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணுவது. ஏசி 24ல் வையுங்கள், வீட்டு ஆட்களை ஏற்றுங்கள், நார்மல் மோடு, குரூஸ் கன்ட்ரோலில் 100. டோல் வருவதற்கு முன்னாலேயே திரும்பி அதே வேகத்தில் வாருங்கள். போகும்போது மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஆடி மாதக் காற்று எதிரில் அடித்தால் ஒரு கணக்கு, முதுகில் தள்ளினால் ஒரு கணக்கு.

இப்போது ஸ்கிரீனில் பார்க்க வேண்டியது மீதி கிலோமீட்டரை இல்லை. அந்த எண் முன்னால் ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்து வண்டி அடிக்கும் குத்துமதிப்பு. நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் மிதித்துப் பார்த்த டெமோ வண்டியில் அது பரிதாபமாகக் காட்டும், ஷோரூம் வாசலில் ஏசி இல்லாமல் ஊர்ந்த வண்டியில் 400 காட்டும், இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட் ஹவர் என்பதைப் பாருங்கள். சில வண்டி 100 கி.மீ.க்கு இத்தனை கிலோவாட் ஹவர் என்று காட்டும், சிலது ஒரு கிலோவாட் ஹவருக்கு இத்தனை கி.மீ. என்று காட்டும், எல்லாம் ஒன்றுதான். ஒரு கிலோவாட் ஹவர் என்பது நம் ஈபி பில்லில் வருகிற ஒரு யூனிட். 160 வாட் ஹவர் என்றால் யூனிட்டுக்கு ஆறேகால் கிலோமீட்டர்.

இந்த அளவு வண்டிகள் ஊருக்குள் யூனிட்டுக்கு 7, 8 கி.மீ. கொடுக்கும், 100ல் போனால் 6 பக்கம் வந்துவிடும், 120ல் போனால் அதுவும் கிடையாது. 45 யூனிட் பேட்டரியில் ஃபுல் சார்ஜிலிருந்து 10 சதவீதம் வரைதான் நிம்மதியாகப் போக முடியும் என்று வைத்தால் 40 யூனிட், ஆக ஹைவேயில் 250 கி.மீ. இதுதான் உங்கள் உண்மையான ரேஞ்ச். மதுரையிலிருந்து சென்னை 460 இருக்கும். திருச்சியில் காலை டிபன், விக்கிரவாண்டி பக்கம் ஒரு காபி, இரண்டு நிறுத்தம் போட்டால் பயமில்லாமல் போகலாம். ஒரே நிறுத்தத்தில் போகிறேன் என்பவர்கள் 80ல் போகிறவர்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். வரும் வழியில் ஏதாவது டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் (ரோட்டோரம் இருக்கும் வேக சார்ஜர்) கால் மணி நேரம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிலோவாட் ஏறுகிறது என்று சார்ஜர் ஸ்கிரீனிலேயே தெரியும். போர்டில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும், அதே சார்ஜரின் இன்னொரு கன்னில் (வண்டியில் செருகும் கைப்பிடி) வேறு வண்டி நின்றால் பாதிதான் வரும். 80 சதவீதத்துக்கு மேல் எந்த வண்டியிலும் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும், அதனால் அங்கே நூறு வரைக்கும் நிற்பது வீண். எத்தனை ஆப் போட வேண்டும், எதில் எவ்வளவு பணம் முன்கூட்டியே வாலட்டில் போட வேண்டும் என்ற தலைவலியும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரம் தரமாட்டேன் என்றால் விடுங்கள், அதே மாடலை செல்ஃப் டிரைவில் வாடகைக்கு எடுத்து ஒரு வார இறுதி ஓட்டுங்கள். சில ஆயிரம் போகும். 18 லட்சத்துக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.


சித்ரா (சென்னை, வேளச்சேரி)

மேலே சொன்னவர் ஓட்டுபவர் பக்கமாகவே சொல்லிவிட்டார், பின் சீட்டில் உட்காருபவரை எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள். டெஸ்ட் டிரைவுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் பின்னால் உட்கார வையுங்கள், நீங்களும் ஒரு சுற்று பின்னால் உட்காருங்கள். பேட்டரி தரைக்குக் கீழே இருப்பதால் பல வண்டிகளில் தளம் உயர்ந்திருக்கும், சீட் அதே உயரத்தில்தான் இருக்கும், முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு தொடை அந்தரத்தில் நிற்கும். அஞ்சு நிமிஷத்தில் தெரியாது. செங்கல்பட்டு தாண்டும்போது "கொஞ்சம் ஓரமா நிறுத்தேன்" என்று குரல் வரும்.

அடுத்தது ரீஜென். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக இழுத்துப் பிடிக்கும், அந்த நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்பும். ஓட்டுபவருக்கு ஜாலி, பின்னால் இருப்பவருக்குத் தலை ஆடி ஆடி வாந்தி வந்துவிடும். என் மாமியாருக்கு முதல் வாரம் அப்படித்தான். ஆகவே எத்தனை லெவல் இருக்கிறது, ஸ்டீயரிங்கிலேயே மாற்ற முடிகிறதா இல்லை ஸ்கிரீனுக்குள் நாலு மெனு போய்த் தேட வேண்டுமா, வண்டியை அணைத்துப் போட்டால் கடைசியாக வைத்த லெவல் நினைவிருக்கிறதா, இதெல்லாம் ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஏசி காற்றைக் கூட்டிக் குறைக்கவும் ஸ்கிரீன்தானா என்று பாருங்கள், அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

ஸ்பீட் பிரேக்கரில் ஆள் நிறைய ஏற்றி ஒரு தடவை ஏற்றி இறக்குங்கள், அதுவும் நம் கவுன்சிலர்கள் போட்டு வைத்திருக்கிற மாதிரியான ஒன்றில். அடியில் இருப்பது பேட்டரி, வண்டியிலேயே விலை அதிகமான சாமான்.

தண்ணீர் விஷயம் எங்கள் ஏரியாக்காரர்களைக் கேளுங்கள். ஐபி67 என்பார்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை அது. பேட்டரி பெட்டிக்குத்தான் அந்தச் சான்று, முழு வண்டிக்கும் இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றால் என்ன வண்டியாக இருந்தாலும் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வழி. இன்சூரன்ஸ் எடுக்கும்போது பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தண்ணீர் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் தனி வீடு, கொடுத்து வைத்தவர். நாங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் மீட்டர் ரூமிலிருந்து பார்க்கிங்குக்கு ஒரு கேபிள் இழுக்க அனுமதி வாங்குவதற்குள் புக்கிங்கையே ரத்து செய்துவிடலாமா என்ற நிலைக்கு வந்துவிட்டோம். ஃபிளாட்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகு டெஸ்ட் டிரைவுக்குப் போங்கள்.


டீசல்தாசன் (சேலம்)

எல்லோரும் ஏற்றிவிடுகிறீர்கள், எதிர்ப்பக்கமும் ஒருவர் பேச வேண்டாமா? மாதம் ஒரு சென்னை என்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லா இவியும் ஒரே நாளில் அதே ரோட்டில்தான் வரும், இருக்கிற சார்ஜர் சிலது, அதில் ஒன்று ரெண்டு "தற்காலிகமாக இயங்கவில்லை". முன்னால் ரெண்டு வண்டி நின்றால் ஒன்றரை மணி நேரம் போச்சு. அப்புறம் வெளியில் சார்ஜ் போட்டால் ஜிஎஸ்டியோடு யூனிட் 20, 22 ரூபாய் ஆகிவிடுகிறது, 6 கி.மீ. கொடுத்தால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். என் டீசல் வண்டி 18 கொடுக்கிறது, கிலோமீட்டருக்கு 5 ரூபாய் சொச்சம். இந்த ஒன்றரை ரூபாய்க்காக நான் வெயிலில் நிற்க வேண்டுமா?

விற்கும்போது யார் வாங்குவார் என்பதையும் யோசியுங்கள். டாடா, மஹிந்திரா, எம்ஜி எல்லாம் சில மாடலுக்கு பேட்டரி "லைஃப்டைம் வாரண்டி" என்று விளம்பரம் செய்கிறார்கள், அது முதல் உரிமையாளருக்கு. இரண்டாவது கை மாறினால் வருடமும் கிலோமீட்டரும் கணக்கு வந்துவிடும். அந்தத் தாளை ஷோரூமிலேயே கேட்டு வாங்கிப் படியுங்கள், வருடத்துக்கு எத்தனை கி.மீ. ஓடலாம், சர்வீஸ் வெளியில் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, லோன் வட்டியில் ஒன்றரை லட்சம் வருமான வரிக் கழிவு உண்டு என்று சேல்ஸ் ஆள் யாராவது இன்னும் சொன்னால் நம்பாதீர்கள். வருமான வரிச் சட்டத்தில் அந்தக் கழிவைத் தந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடனுக்கு மட்டும்தான். என் மச்சினனிடம் போன மாதம்கூட ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார்.


நால்வழிச்சாலை (திருச்சி)

டீசல்தாசன் அண்ணே, பண்டிகைக் கூட்டம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் அவருக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வெளி சார்ஜ், மீதி நாள் எல்லாம் வீட்டு பிளக். வீட்டில் ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். தினம் 45 கி.மீ. ஓடுகிறவருக்குத்தான் இவி கணக்கு ஒத்துவரும், மாதம் ஒரு தடவை வண்டியை வெளியே எடுப்பவர் இதைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். பேட்டரியை வாடகைக்குத் தருகிற திட்டத்தையும் இதே கணக்கில் பாருங்கள், வின்ட்சர் 2024ல் வந்தபோது 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று போட்டார்கள். மூன்றரையோடு கரண்டையும் சேர்த்தால் டீசல் பக்கத்தில் வந்து நிற்கிறது. கையில் பணம் குறைவாக இருந்தால் ஒழிய அது வேண்டாம்.


மீட்டர் மணி (திண்டுக்கல்)

எலக்ட்ரீஷியன் நான். வண்டி பற்றி எனக்குத் தெரியாது, பிளக் பற்றிச் சொல்கிறேன்.

"15 ஆம்ப் பிளக் ஏற்கெனவே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் வில்லங்கம். அது மோட்டார் பம்புக்கோ அயர்ன் பாக்ஸுக்கோ போட்டதாக இருக்கும். பத்து நிமிஷம், அரை மணி நேரம் ஓடுகிற சாமானுக்குப் போட்ட வயரில் கார் சார்ஜர் ராத்திரி முழுக்க 13, 14 ஆம்ப் இழுக்கும். பழைய சாக்கெட் உள்ளே பிடிமானம் தளர்ந்திருந்தால் காலையில் பிளாஸ்டிக் உருகி வாசனை வரும், நான் கழற்றி மாற்றிய சாக்கெட் பல என் பட்டறையில் கிடக்கின்றன. போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர், 20 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச்), நல்ல இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அவ்வளவுதான். 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) போட்டால் 6 ஸ்கொயர் வேண்டும், அது 32 ஆம்ப் இழுக்கும், அப்போது உங்கள் ஈபி கார்டில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, பற்றாவிட்டால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் தப்பித்தவறியும் செருகாதீர்கள்.

எர்த் முக்கியம். கார் சார்ஜர் செருகியதும் முதலில் எர்த்தைத்தான் பார்க்கும், சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு சும்மா இருக்கும். மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மதுரைப் பக்கம் பாறைத் தரையில் போட்ட பழைய எர்த் குழியில் 10, 15 எல்லாம் பார்த்திருக்கிறேன்.

அதனால் டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், கூடவே வண்டியோடு தருகிற சார்ஜரையும் எடுத்து வரச் சொல்லி உங்கள் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு சாக்கெட்டைத் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் இருக்கக்கூடாது. இதை யாருமே செய்வதில்லை. புது வண்டிக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்த அன்று ராத்திரிதான் எனக்கு போன் வரும்.

நேரம் கேட்டால், 15 ஆம்ப் பிளக்கில் ஒரு மணிக்கு 3 யூனிட் போகும். உங்கள் 45 கி.மீ.க்கு மூன்று மணி நேரம் போதும். காலி பேட்டரியை நிரப்ப 15 மணி நேரம், சென்னையிலிருந்து ராத்திரி வந்து மறுநாள் காலை மறுபடி நீண்ட பயணம் என்றால்தான் வால் பாக்ஸ் தேவை. பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாதம் 200 யூனிட் சொச்சம் கூடும், இரண்டு மாத பில்லில் 400க்கு மேல். 500ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி ஆரம்ப யூனிட்டுகளில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும், கடைசி யூனிட்டுகள் 9, 10 ரூபாய்க்குப் போகும். அந்த விலையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள், சராசரி விலையைப் போடாதீர்கள். மாடியில் இடம் இருந்தால் 3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசு 78,000 மானியம் தருகிறது, அதையும் யோசிக்கலாம்.


மலைப்பாதை முருகன் (கொடைக்கானல்)

தம்பி, மாமனார் ஊர்க்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன். மலைக்குப் பயப்படாதே, ஆனால் கணக்குத் தெரிந்து ஏறு. வண்டியும் ஆட்களும் சாமானும் சேர்த்து 1,800 கிலோ என்று வை. மதுரையிலிருந்து இங்கே 2,000 மீட்டர் உயரம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 10 யூனிட் வேண்டும், எந்த கம்பெனி வண்டியானாலும் இதில் தள்ளுபடி கிடையாது. 115 கி.மீ. ஓடுகிற செலவு 15 யூனிட், ஆக 25. உன் 45 யூனிட் வண்டி ஃபுல்லாகக் கிளம்பினால் 40 சதவீதத்துக்கு மேல் மிச்சத்தோடு வந்து சேரும். வத்தலகுண்டு வரை சதவீதம் மெதுவாகத்தான் இறங்கும், காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டியதும் மளமளவென்று விழும், புதிதாக ஓட்டுபவர்கள் அந்த இடத்தில்தான் பதறிப்போய் ஏசியை அணைக்கிறார்கள். ஏசியால் அல்ல அது, ஏற்றத்தால்.

இறங்கும்போது ஏறச் செலவழித்த அந்த 10 யூனிட்டில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். வத்தலகுண்டு வரும்போது கிளம்பியதைவிடக் கூடுதலாக சதவீதம் காட்டினால் ஆச்சரியப்படாதே. ஆனால் ஒன்றைக் கவனி. இங்கே ராத்திரி 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்கினால் ரீஜென் வேலை செய்யாது, நிறைந்த பேட்டரிக்குள் இன்னும் எங்கே திணிப்பது? காலை எடுத்தால் வண்டி பிடிக்காமல் ஓடும், பிரேக்கை மட்டும் நம்பி அவ்வளவு வளைவும் இறங்க வேண்டி வரும். 80, 85 சதவீதத்தில் கிளம்பு.

டெஸ்ட் டிரைவுக்கு இங்கே வரை தரமாட்டார்கள். வாடகைக்கு எடுத்தால் சிறுமலைக்குப் போய் வா, 18 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வளைவில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பார், பின்னால் உருளாமல் நிற்கிறதா என்று. மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, முன் சக்கரம் ஈரத்தில் சுழல்கிறதா என்பதும் தெரியும், சில வண்டியில் டயர் அப்படி. லேன் அசிஸ்ட் (வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் வசதி) இருந்தால் மலையில் அணைத்துவிடு, கோடு இல்லாத ரோட்டில் அது ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். கொடைக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதே, மாமனார் வீடானாலும் செக்போஸ்டில் கேட்பார்கள்.


வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக மணி அண்ணனுக்கு, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உத்தி பலித்தது. ஒரு ஷோரூமில் காலை முழுக்க வண்டி கொடுத்தார்கள், இன்னொன்றில் ஒரு மணி நேரம், மூன்றாவதில் "இன்சூரன்ஸ் பாலிசி சார், அஞ்சு கிலோமீட்டர்தான்" என்று முடித்துக்கொண்டார்கள். பிராண்ட் சண்டை வரும் என்பதால் எது எது என்று போடவில்லை. மேலூர் ரோட்டில் அம்மா, அப்பா, மனைவி எல்லோரையும் ஏற்றி, ஏசி போட்டு, 100ல் போய்வந்ததில் முதல் வண்டி 152 வாட் ஹவர் காட்டியது, இரண்டாவது 168. போகும்போது எதிர்க்காற்று, 100ல் நிற்கவே இன்னும் 15 வாட் ஹவர் கூடுதலாகக் குடித்தது, வரும்போது சரியானது, ஆக சொன்னது போல் இரண்டு பக்கமும் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

ஆனால் கணக்கில் தோற்ற அந்த இரண்டாவது வண்டியில்தான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். முதல் வண்டியில் சித்ரா மேடம் சொன்ன அதே முழங்கால் கதை. 16 வாட் ஹவரை வைத்துப் பார்த்தால் ஹைவேயில் 25 கி.மீ. வித்தியாசம், அதற்காக அப்பாவின் முதுகைப் பணயம் வைக்க முடியாது. ரீஜெனை முதல் லெவலில் வைத்து ஓட்டினேன், அம்மா தூங்கியேவிட்டார். மனைவிக்கு ரிவர்ஸ் கேமரா தெளிவு பிடித்திருந்தது, எனக்கு சத்தமில்லாமல் போகும்போது மாட்டுத்தாவணியில் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்க்காமலே குறுக்கே வருவதுதான் பயமாக இருந்தது, ஹார்ன் கையோடு இருக்க வேண்டும்.

இப்போது மணி அண்ணன் விஷயம். காலை முழுக்கக் கொடுத்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து போர்டிகோ பிளக்கில் போட்டோம். சிவப்பு விளக்கு. சேல்ஸ் பையன் "சார்ஜர்தான் சார் ப்ராப்ளம்" என்று பதறிவிட்டான், பக்கத்து வீட்டுப் புது வீட்டில் போட்டால் பச்சை. மீட்டர் வைத்துப் பார்த்ததில் எங்கள் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 11 வோல்ட். அண்ணே, புது எர்த் குழி எடுக்க எவ்வளவு ஆகும், பழைய குழியில் தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிறார் உள்ளூர் எலக்ட்ரீஷியன், அது சரியா?

இன்னொரு சந்தேகம். அதே மாடலில் டெமோ வண்டியையே ஒன்றரை லட்சம் குறைத்துத் தருகிறேன் என்கிறார்கள். எடுக்கலாமா?


மீட்டர் மணி (திண்டுக்கல்)

தண்ணீர் ஊற்றினால் இன்றைக்குப் பச்சை விளக்கு எரியும், சித்திரையில் மறுபடி சிவப்பு. புதிதாக செம்பு பூசிய ராடு, கெமிக்கல் எர்த்திங் போடுங்கள், தரையைப் பொறுத்து 6,000 முதல் 10,000 வரை ஆகும். பழைய குழியையும் புதியதையும் இணைத்துவிடச் சொல்லுங்கள். போட்ட பிறகு மீட்டரில் காட்டினால்தான் காசு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.


நால்வழிச்சாலை (திருச்சி)

டெமோ வண்டி எடுப்பதில் தப்பில்லை, ஆனால் ஒன்றரை லட்சம் தள்ளுபடி போதாது. அது ஷோரூம் பெயரில் பதிவாகியிருந்தால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர், அப்போது டீசல்தாசன் சொன்ன லைஃப்டைம் வாரண்டி உங்களுக்குக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள். சர்வீஸில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துத் தருவார்கள், அதையும் கேளுங்கள். டெமோ வண்டிகளை அவசரத்துக்கு எப்போதும் ஃபாஸ்ட் சார்ஜரிலேயே போட்டிருப்பார்கள்.

புது வண்டியே என்றால் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் யார்டில் போய்ப் பாருங்கள். தயாரித்த மாதம் எது, எத்தனை மாதமாக வெயிலில் நின்றது, எத்தனை சதவீதத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று. ரொம்ப நாள் நின்ற வண்டியில் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்திருக்கும், பெரிய பேட்டரி ஃபுல்லாக இருந்தாலும் அது இல்லாமல் ரிமோட்டில் கதவுகூட திறக்காது, ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் புது 12 வோல்ட் பேட்டரி மாற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா இல்லை பஞ்சர் கிட் மட்டும்தானா என்பதையும் டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கொட்டேஷனில் தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு இவிக்கான 15 சதவீதக் கழிவு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், சாலை வரி விலக்கு இப்போது எந்தத் தேதி வரை என்பதை ஷோரூமில் கேட்காமல் ஆர்டிஓவிலேயே கேளுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.